பட்டை தீட்டுதல்

பட்டை என்பது தட்டையான பக்கம்; தீட்டுதல், தேய்த்துக் கூராக்குதல். சிங்கப்பெருமாள் கோவில் கடைத்தெருவில் அரிவாளுக்குச் சாணை பிடிப்பதும் இதே வேலைதான். 'சாணை' மட்டும் வடமொழி வரவு. திருச்சி வட்டாரத்தில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவது குடிசைத் தொழில். கல்லைக் குச்சி நுனியில் அரக்கு வைத்து ஒட்டி, சுழலும் தட்டில் கோணம் பார்த்து அழுத்துவார்கள். ஒரு பட்டை விழுந்ததும் குச்சியைத் திருப்பி அடுத்தது. வைரத்துக்கோ வைரப்பொடியே வேண்டும்.

சுமார் 186 காரட் இருந்த கோஹினூர் வைரம், 1852-ல் லண்டனில் மறுபடி பட்டை தீட்டியதும் 105.6 காரட்டாக இளைத்தது. பளபளப்புக்காக அவ்வளவு கல்லை இழந்தது, என்னைக் கேட்டால், நஷ்டக் கணக்கு. கல்லை மட்டுமல்ல, தவிடு போகத் தீட்டிய அரிசியையும் 'பட்டை தீட்டிய அரிசி' என்றே சொல்கிறோம்.