குதிரைக்கு ஒரு வம்சாவளி



ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவில் சீசன். கிரகரி வாவிக்கு அருகே பந்தயத் திடலில் சனம் திரளும். 1875 முதல் குதிரைகள் ஓடிய மண் அது. கவர்னர் கிண்ணம் என்ற பெயரே பழைய வெள்ளைக்காரர் காலத்தைச் சொல்லும்.

பந்தயக் குதிரைக்கு வேகத்தைப் போலவே வம்சமும் பெருமை. ஆங்கிலேயர் அதற்கென்றே 1791 இல் ஒரு குலப் பதிவேட்டை அச்சிட்டார்கள். இன்று உலகெங்கும் ஓடும் உயர்குலக் குதிரைகளின் தந்தை வழியைத் தேடிப் போனால், பையர்லி டர்க், டார்லி அராபியன், கொடோல்பின் அராபியன் என்னும் மூன்றே குதிரைகளில் போய் நிற்கும். 1764 இல் பிறந்து, எந்தப் பந்தயத்திலும் தோற்காத 'எக்ளிப்ஸ்' டார்லி அராபியனின் வழிவந்தது.

அந்தத் திடலைச் சூழ்ந்த மலைகளில் கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் உழைத்தவர்கள் நம்மவர்கள். தோட்டத்துச் செக்ரோலில் அவர்களுக்கும் பெயர் இருந்தது. அது கூலிக் கணக்குக்காக. தகப்பன் பிறந்த இடம், பாட்டன் பிறந்த இடம் என்பதற்குப் பலரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

நாடு சுதந்திரம் பெற்ற 1948 இலேயே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அதைத்தான் கேட்டது. இங்கே பிறந்தது மட்டும் போதாது; தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவராயினர். எஞ்சியோருக்கு வழி திறந்த சட்டம் வர 2003 ஆகிவிட்டது.

குதிரையின் பூட்டனுக்கு ஏடு இருந்தது; கொழுந்து பறித்தவளின் பூட்டனுக்கு இல்லை. நம் வீட்டுப் பெரியவர்களின் பெயரையும் ஊரையும் இன்றே கேட்டு எழுதிவைப்போம், நேயர்களே!