ஐந்து டொலர் சந்தா

நான் கணக்கெழுதிப் பிழைப்பவன். எழுத்தாளர் ஒருவரைப் பற்றிப் பேச வந்தாலும் கண் வரவு செலவைத்தான் தேடுகிறது.

1952 இல் நியூயோர்க்கின் 'டெய்லி கொம்பஸ்' பத்திரிகை மூடப்பட, ஐ. எவ். ஸ்டோன் வேலையிழந்தார். இடதுசாரிகளை வேட்டையாடிய மக்கார்த்தி காலம். வேறிடத்தில் வேலை கிடைக்கவில்லை. 1953 ஜனவரியில் வொஷிங்டனில் நான்கு பக்க வாரமடல் ஒன்றைத் தாமே தொடங்கினார். விளம்பரம் கிடையாது. ஆண்டுச் சந்தா 5 டொலர். மூடிப்போன பத்திரிகைகளின் பழைய வாசகர்களுக்குக் கடிதம் போட்டதில் சுமார் 5,300 பேர் சேர்ந்தார்கள். ஆக, 26,500 டொலர்.

இதை வருமானம் என்பீர்கள். எங்கள் தொழிலில் முற்பணம் என்பது கடன். மடல் கைக்குப் போய்ச் சேரும்வரை அது வாசகரின் காசு. அச்சுக்கூலி, தபால், வீட்டுச் செலவு எல்லாம் அதற்குள்தான். அவர் அரசாங்க அறிக்கைகளைத் துருவிக்கொண்டிருக்க, சந்தாக் கணக்கைக் கவனித்தவர் மனைவி எஸ்தர். எனக்கு அந்த அம்மா மேல்தான் மதிப்புக் கூட.

விளம்பரம் இல்லாததால் கோபித்துக்கொள்ள முதலாளியும் இல்லை. வியட்நாம் போரை அவர் ஆரம்பத்திலேயே எதிர்த்து எழுதினார்.

1971 இறுதியில் மடலை நிறுத்தும்போது சந்தாதாரர் சுமார் 70,000 பேர். சந்தா அதே 5 டொலர்தான்.