அப்பாவின் நீர் மாத்திரை

போன வருஷம் இடவப்பாதி மழைக்காலத்தில் ஒரு நாள். இங்கே பென்சில்வேனியாவில் இரவு பத்து மணி, அங்கே வித்துராவில் காலை ஏழரை. அந்த நேரத்தில் அம்மாவிடமிருந்து போன் வராது. வந்தது.

"மக்கா, அப்பாவுக்கு ஒரு மாதிரி இருக்கு. ராத்திரி பூரா என்னத்தையோ பேசிட்டே இருந்தாரு. இப்பம் என்னையப் பாத்து நீ ஆருன்னு கேக்காரு."

எழுபத்தாறு வயது அப்பா. நாகர்கோவிலிலிருந்து பிழைக்கப் போய், பொன்முடி போகிற ரோட்டில் வித்துராவில் மளிகைக் கடை போட்டு, நாற்பது வருஷம் கணக்கு நோட்டில் ஒரு பைசா பிசகாமல் எழுதியவர். அவருக்கு மனைவியைத் தெரியவில்லையாம். பக்கவாதமோ, மறதி நோயோ என்று எனக்குக் கை நடுங்கியது. பக்கத்து வீட்டு அண்ணன் ஜீப்பில் ஏற்றி திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போனார்.

இரண்டுமே இல்லை. ரத்தத்தில் சோடியம் 114. இருக்க வேண்டியது 135-க்கு மேல். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையும் எங்கே?"

டப்பாவைத் திறந்தால் ஒரு சின்ன மருந்துக்கடையே இருந்தது. பிரஷருக்கு ஆம்லோடிபின். அதோடு டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. இந்த இரண்டாவதில் இருப்பதுதான் நீர் மாத்திரை. அதற்கு மேல், கால் வீங்குகிறது என்று பக்கத்துத் தெரு மாமா சாப்பிடுகிற இன்னொரு நீர் மாத்திரையை, சீட்டு இல்லாமலே அப்பா வாங்கியிருக்கிறார். முழங்கால் வலிக்கு ஒன்று. "கிட்னி கழுவும்" என்று யாரோ சொல்லி தினம் நாலு லிட்டர் தண்ணீர். அம்மா தன் பங்குக்கு, நீர் போக நல்லது என்று மூக்கிரட்டைக் கீரைத் துவரன் (மலையாளத்தில் தழுதாமை). சமையலில் உப்பைப் பாதியாகக் குறைத்தாகிவிட்டது. போதாக்குறைக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வேறு.

யாரும் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை. எல்லாரும் அக்கறையாகத்தான் செய்தார்கள். அதுதான் பயமாக இருந்தது.

எனக்கு அந்த மாத்திரை மேல் கொலைவெறி. யார் கண்டுபிடித்தது இதை என்று தேடப் போனால், நான் தினமும் ஆபீஸ் போகிற வழிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. ஃபிலடெல்ஃபியாவுக்கு வடக்கே வெஸ்ட் பாயிண்ட் என்று ஒரு ஊர். மெர்க் கம்பெனியின் பெரிய ஆராய்ச்சிக்கூடம் அங்கேதான். அப்பாவின் மாத்திரையின் தாத்தா பிறந்த இடம் அது. சரி, கதைக்கு வருவோம்.

உடம்பில் நீர் கோத்து வீங்குவது பழைய வியாதி. வைத்தியமும் பழையதுதான். அம்மாவின் மூக்கிரட்டை, கொச்சியில் டச்சுக்காரர் வான் ரீட் தொகுத்து 1678 முதல் 1693 வரை 12 பாகமாக வந்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் நூலிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற டாக்டர், ஒரு கிராமத்துக் கிழவியின் கஷாயத்தில் இருந்த பூச்செடியை ஆராய்ந்து 1785-ல் புத்தகம் போட்டார். அதுதான் டிஜிட்டாலிஸ். அவர் முக்கியமாகச் சொன்னது அளவு பற்றி. கொஞ்சம் கூடினால் அதே செடி விஷம்.

அடுத்த கதை 1919, வியன்னா. ஆல்ஃபிரெட் வோகல் என்ற மருத்துவ மாணவர், சிஃபிலிஸ் நோயாளிப் பெண் ஒருத்திக்கு பாதரச ஊசி எழுதுகிறார். கேட்ட மருந்து கிடைக்காமல் நோவாசுரால் என்ற வேறு பாதரச மருந்து போடப்படுகிறது. அந்த வார்டில் நர்ஸ்கள் ஒவ்வொரு நோயாளிக்கும் சிறுநீர் அளவை ஒழுங்காகக் குறித்து வைப்பது வழக்கம். ஊசி போட்ட நாளில் எல்லாம் அந்த அளவு எகிறியிருப்பதை அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் வோகல் கவனித்தார். வீக்கத்துக்கு முதல் வலுவான மருந்து இப்படி ஒரு நர்ஸின் நோட்டிலிருந்து வந்தது. ஆனால் பாதரசம் பாதரசம்தான். ஊசியாகத்தான் போட வேண்டும், சிறுநீரகம் கெடலாம், சிலர் ஊசி போட்ட உடனே இறந்தும் போனார்கள். இருந்தாலும் வேறு வழி இல்லாமல் நாற்பது வருஷம் அதையே ஓட்டினார்கள்.

ரத்த அழுத்தத்துக்கு அதுவும் இல்லை. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1944 மார்ச்சில் டாக்டர் ஹோவர்ட் புரூயென் பரிசோதித்தபோது அழுத்தம் 186/108, இதயம் வேறு தளர்ந்திருந்தது. கொடுக்க முடிந்தது விதரிங்கின் அதே டிஜிட்டாலிஸ், உப்புக் குறைத்த சாப்பாடு, ஓய்வு. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக் கசிவு. அப்போது அழுத்தம் 300/190. உலகப் போரை நடத்திய மனிதருக்குக் கிடைக்காத மாத்திரை இன்றைக்கு வித்துரா ஜங்ஷனில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதைப் படித்தபோதுதான் என் கொலைவெறி கொஞ்சம் தணிந்தது.

அதே காலத்தில் வடக்கு கரோலினாவில் வால்ட்டர் கெம்ப்னர் என்பவர் நோயாளிகளுக்கு வெறும் அரிசிச் சோறும் பழமும் சர்க்கரையும் கொடுத்தார். உப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். பலருக்கு வீக்கமும் அழுத்தமும் இறங்கின. ஆக, குறி உப்பு மேல்தான் என்று தெரிந்தது. ஆனால் உப்பில்லாச் சோற்றை எத்தனை நாள் ஒரு மனுஷன் தின்பான்? வாயில் போகிற உப்பைத் தடுக்க முடியாவிட்டால், சிறுநீரகம் வழியாக வெளியேற்ற முடியுமா?

துப்பு ஒரு கிருமிக்கொல்லியிலிருந்து கிடைத்தது. சல்ஃபா மருந்து சாப்பிட்டவர்களுக்கு ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுவதை 1937-லேயே கவனித்திருந்தார்கள். 1949-ல் பாஸ்டனில் வில்லியம் ஷ்வார்ட்ஸ் இதய நோயாளிகள் மூன்று பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். உப்பு வெளியேறியது, வீக்கம் வடிந்தது. ஆனால் தொடர்ந்து கொடுக்க முடியாத அளவுக்கு நச்சு. வெஸ்ட் பாயிண்டில் கார்ல் பெயர் குழு அந்த நூலைப் பிடித்துக்கொண்டது. வேதியியல் பக்கம் ஸ்ப்ரேக், நொவெல்லோ, சோதனைப் பக்கம் பெயர், பேர். வெறும் தண்ணீர் வெளியே போனால் போதாது, சோடியமும் குளோரைடும் சேர்ந்து, அதாவது சாப்பாட்டு உப்பாகவே போக வேண்டும் என்பது பெயரின் பிடிவாதம். 1957-ல் குளோரோதயசைடு வந்தது. 1958-ல் டையூரில் என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஊசி இல்லை, பாதரசம் இல்லை, வாயில் போட்டுக்கொள்ளும் மாத்திரை. ஹைட்ரோகுளோரோதயசைடு, அதாவது அப்பாவின் டப்பாவில் இருந்தது, அதன் அடுத்த வாரிசு. 1975-ல் இந்த நாலு பேருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கண்டுபிடித்தவர்கள் தேடியது உப்பை வெளியேற்றும் மாத்திரை. நாம் அதற்கு வைத்த பெயர் நீர் மாத்திரை. பெயரை வைத்து மருந்தைப் புரிந்துகொண்டதில்தான் எங்கள் வீட்டு விபத்தே ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். நீர்தானே போகிறது, ஈடுகட்ட நிறையத் தண்ணீர் குடிப்போம் என்று அப்பா நினைத்தார். தயசைடு மாத்திரை உப்பை வெளியே தள்ளுவதோடு, மிஞ்சிய தண்ணீரைத் தனியே பிரித்து அனுப்பும் சிறுநீரகத்தின் திறமையையும் குறைத்துவிடும். உப்பு போய்க்கொண்டே இருக்க, குடித்த தண்ணீர் உள்ளேயே தங்கும். ரத்தம் நீர்த்துப் போகும், மூளை தடுமாறும். வயதானவர்களுக்கு, அதுவும் ஒல்லியானவர்களுக்கு, இது சீக்கிரம் நடக்கும்.

இந்தக் கதையில் நம் மலைக்கும் பங்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் சர்ப்பகந்தா, தமிழில் சிவன் அமல்பொடி, பிரஷரைக் குறைக்கிறது என்று பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். 1952-ல் ஸ்விட்சர்லாந்தில் சீபா கம்பெனியார் அதிலிருந்து ரிசர்பினைப் பிரித்தார்கள். பிறகு அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃப்ரைஸ் தலைமையில் ஒரு சோதனை. அழுத்தத்தின் கீழ் எண் 115-க்கும் 129-க்கும் நடுவே இருந்த 143 ஆண்கள். பாதிப் பேருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு, ரிசர்பின், ஹைட்ரலசின் மூன்றும். மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. 1967-ல் முடிவு வந்தது. போலி மாத்திரைக் கூட்டத்தில் 27 பேருக்குப் பக்கவாதம், மரணம் போன்ற கடும் விளைவுகள். மருந்து எடுத்தவர்களில் 2 பேருக்கு.

என் தாத்தா அடெல்ஃபேன் எசிட்ரெக்ஸ் என்று ஒரு மாத்திரை சாப்பிட்டது நினைவிருக்கிறது. பிறகு பார்த்தால் அது கிட்டத்தட்ட இதே கூட்டணி. நம்ம காட்டுச் செடியின் சத்தும் வெஸ்ட் பாயிண்ட் வழி வந்த உப்பு மாத்திரையும் ஒரே வில்லையில்!

ஆனால் வெற்றி மயக்கத்தில் தவறும் நடந்தது. ஆரம்ப காலத்தில் ஹைட்ரோகுளோரோதயசைடை தினம் 50, 100 மில்லிகிராம் என்று கொடுத்தார்கள். பொட்டாசியம் சரிந்தது, சர்க்கரை ஏறியது, கவுட் வந்தது. இன்று வழக்கம் 12.5 முதல் 25 வரைதான். பொட்டாசியத்தைத் தக்கவைக்கும் ஸ்பைரனோலாக்டோனுக்கு எதிர்ப்பக்க ஆபத்து. இதயத் தளர்ச்சியில் அது உயிர் காக்கிறது என்று 1999-ல் ஒரு பெரிய ஆய்வு வந்ததும் கனடாவின் ஒன்டாரியோவில் அதை எழுதுவது எகிறியது. கூடவே பொட்டாசியம் கூடி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் இறந்தவர்களும் அதிகமானதாக 2004-ல் கணக்கு வந்தது. மருந்து அதேதான், ஆய்வில் செய்த ரத்தப் பரிசோதனைக் கண்காணிப்பு வெளியே இல்லை.

அதற்காக மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம். 2002-ல் முடிந்த ஆல்ஹாட் ஆய்வில் 33,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பழைய, மலிவான குளோர்தாலிடோன் புது மருந்துகளுக்குச் சளைக்கவில்லை. 2008-ல் எண்பது தாண்டியவர்களுக்கும் இந்த வகை மருந்து பலன் தருவது தெரிந்தது. 2017-ல் கேரளா உட்பட ஐந்து மாநிலங்களில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தத் திட்டத்திலும் இவை உண்டு.

அப்பா கேஸில் டாக்டர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் அம்மா ஒட்டியிருக்கும் பட்டியல் இது. (நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர்காரன். உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

1. நீர் மாத்திரை காலையில். ராத்திரி போட்டால் பாத்ரூமுக்கு எழுந்து இருட்டில் விழ வேண்டியதுதான்.

2. தொடங்கிய சில வாரத்திலும், அளவு மாற்றிய போதும், பிறகு டாக்டர் சொல்கிற இடைவெளியிலும் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் பரிசோதனை.

3. வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டருக்கு போன். மாத்திரையை நிறுத்தி வைக்கணுமா என்று அவர் சொல்லட்டும்.

4. கால் வீக்கம் எல்லாமே உடம்பில் கூடிய நீர் இல்லை. அப்பாவுக்கு வீங்கியது ஆம்லோடிபினால். அதற்கு நீர் மாத்திரை அவ்வளவாகப் பலிக்காது. டாக்டர் அளவைக் குறைத்ததும் வீக்கம் வடிந்தது.

5. பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, மூட்டு வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கண்டம். வலி மாத்திரையைக் கேட்காமல் தொடக்கூடாது.

6. ஸ்பைரனோலாக்டோன், டெல்மிசார்ட்டன் சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள், தினமும் இளநீர் குடிப்பதற்கும் சோடியம் குறைத்த உப்பு வாங்குவதற்கும் முன் கேட்க வேண்டும். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம்.

7. தலைசுற்றல், தசைப்பிடிப்பு, படபடப்பு, குழப்பம் வந்தால் வயசாகிவிட்டது என்று விடக்கூடாது. தானாக நிறுத்தவும் கூடாது, தானாகக் கூட்டவும் கூடாது.

8. அடுத்த வீட்டுக்காரர் மாத்திரை அடுத்த வீட்டுக்காரருக்கு.

அப்பாவுக்குச் சோடியத்தை மெதுவாக, நாலு நாள் எடுத்து ஏற்றினார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் மூளைக்குக் கேடாம். மூன்றாம் நாள் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி பில்லைக் கூட்டிப் பார்த்து, நாற்பது ரூபாய் தப்பு என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது தயசைடு இல்லை. ஒரு முறை இப்படிச் சோடியம் இறங்கியவருக்கு அதைத் திரும்பக் கொடுக்க டாக்டருக்கு மனசில்லை. வேறு மாத்திரையில் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது.

ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிற நமக்கு அப்பா அம்மாவிடம் கேட்கத் தெரிந்தது "மாத்திரை சாப்பிட்டாச்சா?" மட்டும்தான். அப்பா எப்போதும் "சாப்பிட்டாச்சு" என்றுதான் சொன்னார். உண்மைதான், எல்லாவற்றையும் சாப்பிட்டிருந்தார். இந்த வாரம் வீட்டுக்குப் பேசும்போது டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அட்டையாக வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு தோறும் அம்மா வாசிக்கிறாள். நடுவில் அப்பா, "எடே, மாங்கா ஊறுகாய் ஒரு துண்டு திங்கலாமான்னு கேளு" என்று குரல் கொடுக்கிறார்.