இடது பக்கம் திரும்பிய கோடாலிக்காரன்

கீரனூரில், திருச்சி–புதுக்கோட்டை சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் தொண்ணூறுகளின் கடைசியில் டிவி கேம் கடை ஒன்று இருந்தது. கடை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணையைத் தட்டி வைத்து அடைத்த இடம் அது. உள்ளே இரண்டு டயனோரா டிவி. அதில் ஒன்று கறுப்பு வெள்ளை. கலர் டிவிக்கு அரை மணி ஐந்து ரூபாய், கறுப்பு வெள்ளைக்கு மூன்று. நான் எந்த டிவிக்காரன் என்று சொல்லத் தேவையில்லை.

மஞ்சள் கேசட்டின் மேல் ‘64 இன் 1’ என்று ஒட்டியிருக்கும். எண்ணிப் பார்த்தால் பதினாறு ஆட்டம் தேறாது. மீதியெல்லாம் அதே ஆட்டம், வேறு பெயர். மரியோவும் கான்ட்ராவும் பெரிய பையன்களுக்குச் சொந்தம். எனக்குக் கிடைத்தது ‘கோடாலிக்காரன்’. இடுப்பில் தழை, தலையில் தொப்பி, கையில் கல்கோடாலி. அந்த ஆட்டத்தின் உண்மைப் பெயர் ‘அட்வென்ச்சர் ஐலண்ட்’ என்பது எனக்குத் தெரிய ரொம்ப நாள் ஆயிற்று.

அவன் நிற்கக் கூடாது. மேலே இருக்கும் உயிர்க்கோடு, ஒருவரும் அடிக்காமலே, தானாகக் குறைந்துகொண்டு வரும். வழியில் தொங்கும் பழங்களைத் தின்றுகொண்டே ஓட வேண்டும். பங்குனி வெயிலில் நார்த்தாமலை மாரியம்மன் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்கள் பந்தலுக்குப் பந்தல் நீர்மோர் குடிப்பதுபோல. முட்டையை உடைத்தால் சில சமயம் கோடாலி வரும், சில சமயம் ஸ்கேட்டிங் பலகை வரும், நேரம் கெட்டால் கத்தரிக்காய் வரும். கத்தரிக்காய் தலைக்கு மேலே சுற்றிச்சுற்றி வந்து உயிரை உறிஞ்சும். எங்கள் வீட்டில் வாரத்துக்கு நாலு நாள் கத்தரிக்காய்க் குழம்பு. அதை எதிரியாக ஏற்றுக்கொள்வதில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

இன்னொன்று. அந்த ஆட்டத்தில் திரும்பிப் போக முடியாது. விட்டுவிட்ட பழத்தை எடுக்கலாம் என்று இடது பக்கம் நடந்தால் திரையின் ஓரமே சுவராக நின்று தடுக்கும். போனது போனதுதான். 8 தீவு, தீவுக்கு 4 கட்டம், மொத்தம் 32. நான் ஏழாவது எட்டாவது கட்டத்தை எட்டுகிற நேரத்தில் கரண்ட் போகும், அல்லது கடைக்கார அண்ணன், “தம்பி, நேரம் ஆச்சு, எந்திரி” என்பார். அடுத்த நாள் மறுபடி முதல் கட்டம். முதல் கட்டத்தின் முடிவில் ஒரு தேனீ ஒளிந்திருக்கிறது, அதை எடுத்துவிட்டால் செத்த பிறகும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பது அந்தத் திண்ணையில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் கரண்ட் கட்டுக்கு முன்னால் தேனீ என்ன செய்யும்?

இந்தக் கோடாலிக்காரனுக்கு ஒரு உடன்பிறப்பு உண்டு. நான் சொல்ல வந்தது அந்த உடன்பிறப்பு பிறந்த கதை.

ஜப்பானில் ரியூஇச்சி நிஷிசவா என்பவரும் மிச்சிஷிட்டோ இஷிசுகா என்பவரும் சேர்ந்து ‘எஸ்கேப்’ என்ற சின்ன நிறுவனத்தை நடத்தினார்கள். பிற்பாடு அதன் பெயரை ‘வெஸ்டோன்’ என்று மாற்றினார்கள். நிஷி என்றால் மேற்கு, இஷி என்றால் கல். இரண்டையும் ஆங்கிலத்தில் ஒட்டவைத்தால் வெஸ்டோன். 1986இல் இவர்கள் காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்கு ‘வொண்டர் பாய்’ என்று ஒரு ஆட்டம் செய்தார்கள். வெளியிட்டது சேகா. கல்கோடாலி, பழம், ஸ்கேட்டிங் பலகை, தானாகக் குறையும் உயிர் எல்லாம் இதில்தான் பிறந்தன.

சிக்கல் பத்திரத்தில் இருந்தது. ‘வொண்டர் பாய்’ என்ற பெயரும் நாயகனும் சேகாவுக்கு; ஆட்டம், அதைச் செய்தவர்களுக்கு. வீடு ஒருத்தருக்கு, வாசல் பெயர்ப்பலகை இன்னொருத்தருக்கு என்று பாகம் பிரித்த மாதிரி. ஆகவே ஹட்சன் நிறுவனம் அதை நின்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டிக்குக் கொண்டுபோக விரும்பியபோது பெயரையும் ஆளையும் விட்டுவிட்டு ஆட்டத்தை மட்டும் வாங்கியது. புது நாயகனுக்கு எங்கே போவது? தன் ஊழியர் ஒருவரையே பிடித்து உள்ளே போட்டது. தகஹாஷி மெய்ஜின் என்று ஊர் ஊராகப் போய்ப் பையன்களுக்கு ஆடிக் காட்டுகிறவர். நொடிக்கு 16 முறை பட்டனை அழுத்துவார் என்று பேர் வாங்கியவர். நான் மூன்று ரூபாய் கொடுத்து ஓடவிட்ட தொப்பிக்காரன் அந்த மனிதர்தான். ஒளிந்திருந்த தேனீ ஹட்சனின் சின்னம்.

ஒரே ஆட்டம் இரண்டு வீட்டில் வளரத் தொடங்கியது. ஹட்சன் வீட்டுப் பிள்ளை ஓடிக்கொண்டே இருந்தான். சேகா வீட்டுப் பிள்ளை 1987இல் நின்றான், கடைக்குள் போனான்.

அவ்வளவுதான் மாற்றம். ஆனால் எல்லாம் அதில் இருக்கிறது. ‘வொண்டர் பாய் இன் மான்ஸ்டர் லேண்ட்’ ஆட்டத்தில் பழம் தின்று ஓடும் வேலை போய், எதிரியை வெட்டிக் காசு சேர்க்கும் வேலை வந்தது. சேர்த்த காசுக்கு கேடயம், கவசம், செருப்பு. முந்தின வருஷம்தான் ‘டிராகன் குவெஸ்ட்’ வந்திருந்தது. ஆள் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் பெற்று வளர்கிற, ரோல் பிளேயிங் எனப்படும் ஆட்டத்தில் ஜப்பானே கிடந்தது. அதைத் தாவிக் குதிக்கும் ஆட்டத்துக்குள் கொட்டிக் கலக்கினார் நிஷிசவா. அவர்தான் முதல் ஆள் என்று சொல்ல மாட்டேன். அதே 1987இல் செல்டாவின் இரண்டாம் பாகமும் காசில்வேனியாவின் இரண்டாம் பாகமும் ஃபேக்ஸனடுவும் இதே கலவையோடு வந்தன. காற்றிலேயே இருந்த யோசனை அது. இருந்தாலும் பழைய அவசரம் விடவில்லை. பழத்தின் இடத்தில் ஒரு மணல்கடிகாரம் வந்து உட்கார்ந்தது. மணல் தீர்ந்தால் உயிரில் ஒரு துண்டு போகும்.

இதிலும் பத்திரச் சிக்கல் தொடர்ந்தது, இந்த முறை வேடிக்கையாக. 1988இல் ஜலேகோ இதே ஆட்டத்தை ஃபேமிகாமில் வெளியிட்டபோது நாயகன் சீனக் கதையின் குரங்கு வீரன் சுன் வூகோங். பிரேசிலில் டெக்டாய் நிறுவனம் அந்த ஊர்ச் சித்திரக்கதைச் சிறுமி மோனிகாவை நாயகி ஆக்கியது. ஆட்டம் ஒன்று, ஊருக்கு ஒரு வேஷம்.

வேஷம் என்றதும் அடுத்ததைச் சொல்ல வேண்டும். 1989இல் சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் என்ற பெட்டியில் வந்த ‘தி டிராகன்ஸ் டிராப்’. முந்தைய ஆட்டம் எங்கே முடிகிறதோ அங்கே இது தொடங்குகிறது. முழுக் கவசத்தோடு கோட்டைக்குள் போய் டிராகனைக் கொல்கிறீர்கள்; செத்த டிராகனின் சாபம் உங்களைப் பல்லி மனிதன் ஆக்குகிறது. இழந்த உருவத்தைத் தேடிப் போகும் வழியில் எலி, பிரானா மீன், சிங்கம், பருந்து என்று ஒவ்வொரு வேஷமாக மாறுகிறீர்கள். எலியானால் கட்டம் போட்ட சுவரில் தலைகீழாகக்கூட நடக்கலாம். மீனானால் நீந்தலாம். பருந்தானால் பறக்கலாம், ஆனால் தண்ணீர் பட்டால் அடி. புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ பார்த்து வளர்ந்தவனுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டாம். வேடனாக வந்து நடக்காததை வேங்கை மரமாக நின்று சமாளிக்கலாம், அதுவும் ஆகாததைக் கிழவனாக வந்து சாதிக்கலாம் என்பது முருகனிடமே கற்றது.

இதெல்லாம் கீரனூருக்கு ஏன் வரவில்லை? எங்கள் திண்ணைக்கு வந்தவை ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த போலிப் பெட்டிகள். சேகாவின் கேசட் அதில் நுழையாது. நுழைகிற கேசட்டிலும் பலதைத் திணிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் சின்னதாக இருக்க வேண்டும். மரியோ மொத்தமே 40 கிலோபைட். டிராகன்ஸ் டிராப் 256. வளரும் ஆட்டத்துக்கு விட்ட இடத்தை நினைவில் வைக்கும் பேட்டரி வேண்டும், இல்லாவிட்டால் படித்து எழுதிக்கொள்ளக் கடவுச்சொல் வேண்டும். மலிவுக் கேசட்டில் பேட்டரியாவது! ஞாபகம் இல்லாத ஆட்டங்கள்தான் எங்கள் பங்குக்கு வந்தன.

2006 வாக்கில், கீரனூர் பிரவுசிங் சென்டர் ஒன்றில் வேலைக்கு விண்ணப்பம் போடப் போனவன், பக்கத்து கம்ப்யூட்டரில் ஒரு பையன் எமுலேட்டரில் பழைய ஆட்டங்களை ஓட்டுவதைப் பார்த்தேன். கோடாலிக்காரனைத் தேடிக் கேட்டேன். அவனிடம் அது இல்லை. “இது அந்த கேம் மாதிரிதாண்ணே, ஆனா அது இல்ல” என்று டிராகன்ஸ் டிராப்பைத் திறந்து கொடுத்தான்.

பல்லி உருவத்தில் ஊருக்கு வெளியே வந்ததும் வலது பக்கம் ஓடினேன், வேறென்ன தெரியும்? ஒரு காசு பின்னால் விழுந்தது. கை பழக்கத்தில் விட்டுவிட்டேன். பையன், “எடுங்கண்ணே” என்றான். இடது பட்டனை அழுத்தினேன். திரை கூடவே வந்தது.

காசை எடுத்துக்கொண்டு இன்னும் இடது பக்கம் நடந்தேன். ஊர் வந்தது, ஊரைத் தாண்டி வேறு நிலம் வந்தது. குறைந்துகொண்டே வரும் உயிர்க்கோடு இல்லை, மணல்கடிகாரம் இல்லை. செத்தால் ஊருக்குத் திரும்புவோம். வாங்கிய வாளும் சேர்த்த காசும் கையிலேயே இருக்கும். விண்ணப்பம் அன்றைக்குப் போகவில்லை. ஆட்டத்தில் ஊருக்குள் இருக்கும் தேவாலயத்தில் 14 எழுத்துக் கடவுச்சொல் ஒன்று கொடுத்தார்கள். டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நிறுவனத்தின் பெயரையே, எஸ் எழுத்துக்குப் பதில் 5 போட்டு, மீதிக்குச் சுழியம் நிரப்பி அடித்தால் பெரும்பாலான பொருள்கள் சும்மாவே கிடைக்கும் என்பது தனி ரகசியம். எனக்கு அது ருசிக்கவில்லை.

2014இல் வெஸ்டோன் நொடித்துப்போனது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஹட்சன், கொனாமிக்குள் கரைந்துவிட்டது. ஆனால் 2017இல் பாரிஸின் லிசார்ட்கியூப் என்ற சின்னக் குழுவில் ஒமார் கோர்னூவும் பென் ஃபிகேயும் டிராகன்ஸ் டிராப்பை மறுபடி வரைந்து வெளியிட்டார்கள். பழைய ஆட்டத்தின் நிரலை அவிழ்த்துப் பார்த்து, அதன் நடை தாவல் மாறாமல், மேலே கையால் வரைந்த ஓவியத்தைப் போர்த்தியிருந்தார்கள். ஒரு பட்டனைத் தட்டினால் 1989இன் புள்ளிப் படம், இன்னொரு முறை தட்டினால் புதுசு. எனக்கு முக்கியம் அதுவல்ல. பழைய கடவுச்சொற்கள் புதிய ஆட்டத்திலும் செல்லும்படி வைத்திருந்தார்கள். டைரியைத் தேடியெடுத்து 14 எழுத்தையும் அடித்தேன். பிரவுசிங் சென்டரில் வாங்கிய வாள் கையில் இருந்தது. அந்த சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை.

உடன்பிறப்புகள் பிற்பாடு சந்தித்துக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். 1991இல் ஹட்சன், டிராகன்ஸ் டிராப்பைத் தன் பிசி என்ஜின் பெட்டிக்காக ஜப்பானில் வெளியிட்டது. வைத்த பெயர் ‘அட்வென்ச்சர் ஐலண்ட்’. கடைசியில் தொப்பிக்காரனும் ஓட்டத்தை நிறுத்தினான். வரிசையின் நான்காம் பாகத்தில் அவன் பொருள் சேர்க்கிறான், ஆயுதம் மாற்றுகிறான், போன இடத்துக்கே திரும்பிப் போகிறான். 1994 ஜூன் 24 அன்று ஜப்பானில் மட்டும் வந்த அந்தக் கேசட்தான் ஃபேமிகாமுக்கு முறைப்படி வெளியான கடைசி ஆட்டம். நான் கறுப்பு வெள்ளை டிவி முன்னால் உட்கார்வதற்குச் சில வருஷம் முன்பே அவன் இடது பக்கம் திரும்பியிருக்கிறான்.

உங்கள் வீட்டுப் பரணில் மஞ்சள் கேசட் ஏதாவது கிடந்தால் எடுத்துப் பாருங்கள். ஓடாவிட்டால் நாம் அன்று செய்ததுபோல வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பட்டால் செம்புப் பற்கள் களிம்பேறிவிடும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துவிட்டுப் போடுங்கள். கோடாலிக்காரன் கிடைத்தால், முதல் கட்டத்தின் முடிவில் அந்தத் தேனீயை மறக்காமல் எடுங்கள்.