கண்ணாடியில் ஒரு சூரியன், டிஸ்க்கில் ஒரு சூரியன்

மன்னவனூர்னு சொன்னா உங்களுக்கு ஏரியும் புல்வெளியும் ஆட்டுப் பண்ணையும்தான் ஞாபகம் வரும். அங்க போக எல்லாரும் கொடைக்கானலைத் தாண்டித்தான் போகணும். தாண்டும்போது நம்மில் பலர் தவறவிடுற இடம் ஒண்ணு இருக்கு: 1899-ல் தொடங்கின சூரிய ஆய்வகம், கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில். சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமா ஓடுதுன்னு ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் கண்டுபிடிச்சது இங்கதான்.

எனக்கு அதைவிடப் பெரிசா தெரியுறது வேற. 1904-லிருந்து, மேகம் விட்ட நாளெல்லாம், சூரியனைப் படம் எடுத்து வச்சிருக்காங்க. முதல்ல கண்ணாடித் தகடு, பிறகு ஃபிலிம். சூரியனோட ஒரு சுழற்சி சுமார் 11 வருஷம். அதனால நூறு வருஷப் படம் இருந்தாலும் ஒன்பது சுழற்சிதான் தேறும். 1915-ல் ஒரு செவ்வாய்க்கிழமை சூரியன் எப்படி இருந்துச்சுன்னு யாராலயும் மறுபடி எடுக்க முடியாது.

இந்தப் படங்களை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் டிஜிட்டலா மாத்தியிருக்கு. 4096-க்கு 4096 புள்ளி, ஒவ்வொண்ணும் 16 பிட். பெருக்கிப் பாருங்க, ஒரு படம் சுமார் 32 எம்.பி. பத்தாயிரம் படம்னா 320 ஜி.பி. இனிமே கதை கண்ணாடியை விட்டு ஹார்டு டிஸ்க்குக்கு வருது.

1956-ல் ஐ.பி.எம். விட்ட முதல் டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டு, மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. நம்ம சூரியப் படம் ஒண்ணுகூட அதில் கொள்ளாது. 1988-ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூணு பேரும், ஒரு விலையுயர்ந்த பெரிய டிஸ்க்குக்குப் பதிலா மலிவான சின்ன டிஸ்க்கை வரிசையா மாட்டலாமேன்னு கேட்டாங்க. சிக்கலையும் அவங்களே கணக்குப் போட்டுச் சொன்னாங்க. ஒரு டிஸ்க் சராசரியா 30,000 மணி நேரம் ஓடும்னா, நூறு டிஸ்க் சேர்ந்தா 300 மணி நேரத்துக்கு ஒண்ணு போகும். ரெண்டு வாரம்கூட இல்ல!

அதுக்கு மருந்துதான் ரெய்டு. ஒரு டிஸ்க்கில் 5, இன்னொண்ணுல 7, மூணாவதுல கூட்டுத்தொகை 12-னு வச்சுக்கோங்க. 7 தொலைஞ்சா 12-லிருந்து 5-ஐக் கழிச்சா போதும். நிஜத்தில் கூட்டல் இல்ல, ஒற்றைப்படை இரட்டைப்படைக் கணக்கு, பாரிட்டின்னு பேரு. ரெய்டு 5-ல் ஒரு டிஸ்க் செத்தாலும் சர்வர் ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டாவதும் போச்சுன்னா எல்லாம் காலி.

அதனாலதான் டிஸ்க்கைக் கழட்டுறது எனக்கு வயித்தைக் கலக்குற வேலை. ரேக்கில் பன்னிரண்டு டிரே ஒரே மாதிரி இருக்கும். எண்ணிக்கை பெரும்பாலும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், மூணாவதுனு நீங்க எண்ணுறது மென்பொருளுக்கு ரெண்டாவது. ஒண்ணு ஏற்கனவே பழுதான நேரத்தில் பக்கத்துல இருக்கிற நல்லதை உருவிட்டா போதும், மொத்தமும் விழுந்துடும். அதனால மென்பொருள் காட்டுற சீரியல் எண்ணைக் குறிச்சுக்கணும். அந்த ஸ்லாட் விளக்கைச் சிமிட்ட வைக்கணும். டிஸ்க்கை முதல்ல ஆஃப்லைன் பண்ணணும். பிறகு நெம்புகோலைத் தூக்கிக் கொஞ்சம் மட்டும் இழுத்து, தட்டு சுத்துறது நிக்கிற வரை அரை நிமிஷம் பொறுக்கணும். முழுசா வெளிய எடுத்த பிறகு லேபிளில் இருக்கிற சீரியல் எண்ணை ஒருதடவை சரிபார்த்துட்டு, அதே கொள்ளளவோ கூடுதலோ உள்ள புது டிஸ்க்கை மாட்டணும்.

மலைக்குன்னு ஒரு சங்கதியும் இருக்கு. சாதாரண டிஸ்க்கில் படிக்கிற தலை காத்துலதான் மிதக்குது. உயரம் கூடினா காத்து மெலிசாகும், தலை தாழ்ந்து பறக்கும். பல டிஸ்க்குக்கு 3,000 மீட்டர் சுமார்தான் எல்லை. கொடைக்கானல் அதுக்குள்ளதான், லடாக்கில் இருக்கிற ஹான்லே ஆய்வகம் 4,500 மீட்டர். ஹீலியம் அடைச்சு மூடின டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை குறைவு.

புது டிஸ்க் மாட்டினதும் மீதி டிஸ்க்குகள் எல்லாத்தையும் படிச்சுத்தான் அதை நிரப்பணும். பெரிய டிஸ்க்கா இருந்தா ஒரு நாளைத் தாண்டும், அந்த நேரத்தில் பழைய டிஸ்க்குகளுக்கு வேலை அதிகம். ஒருத்தர் தப்பா டெலீட் பண்ணினா ரெய்டு அதையும் ஒழுங்கா எல்லா டிஸ்க்கிலும் அழிச்சுடும், அதனால வேற ஊரில் ஒரு பிரதி வேணும். கொடைக்கானலில் அந்தக் கண்ணாடித் தகடுகளை இன்னும் பத்திரமா வச்சிருக்காங்க.