பதினான்கு வருடம் காக்க வைத்த கேம்

புது வீடியோ கேம் வரப்போகிறது என்றாலே ரசிகர்களிடையே வாக்குவாதம் ஆரம்பித்துவிடும். வருவதற்கு முன்பே அதிக காலம் பேசப்பட்ட கேம்களில் ஒன்று 'டியூக் நியூக்கம் ஃபாரெவர்'.

1996-ல் அமெரிக்காவின் திரீடி ரெல்ம்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'டியூக் நியூக்கம் திரீடி' சக்கைப்போடு போட்டது. 1997 ஏப்ரலில் அடுத்த பாகத்தை அறிவித்தார்கள். 'குவேக் 2' இன்ஜினில் வேலை தொடங்கியது. மறு வருடமே 'அன்ரியல்' இன்ஜினுக்குத் தாவினார்கள். இன்ஜின் என்பது கேமுக்கு அஸ்திவாரம் மாதிரி. அதை மாற்றினால் எழுப்பிய சுவரையும் இடிக்கத்தானே வேண்டும்!

ஏன் இப்படி? காரணம் பணத்தட்டுப்பாடு அல்ல, பணம் இருந்ததுதான். முந்தைய கேமின் லாபம் கையில் இருந்ததால் அவசரப்படுத்த ஆளில்லை. தலைமை வகித்த ஜார்ஜ் ப்ரூசார்டுக்கோ, மற்ற கேம்களில் பார்க்கும் புதுமையெல்லாம் இதிலும் வேண்டும். எப்போது வரும் என்று கேட்டால், "முடிந்ததும் வரும்" என்பதே பதில்.

2001-ல் வந்த டிரெய்லரைப் பார்த்து ரசிகர்கள் துள்ளினார்கள். அப்புறம்? மீண்டும் மௌனம்... 2009 மே மாதம் பணம் தீர்ந்து குழு கலைந்தது. கியர்பாக்ஸ் நிறுவனம் பொறுப்பேற்று, 2011 ஜூனில் ஒருவழியாக வெளியிட்டது.

விமர்சகர்கள் பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் 'ஹாஃப் லைஃப்' (1998), 'ஹேலோ' (2001) போன்றவை துப்பாக்கி கேம்களின் போக்கையே மாற்றிவிட்டன. எல்லோரையும் மிஞ்ச நினைத்தே இந்த கேம் பழசாகிப் போனது. டிரெய்லரைப் பார்த்தே தீர்ப்பு சொல்லும் ரசிகர்களுக்கும், தேதி சொல்லத் தயங்கும் நிறுவனங்களுக்கும் இது நல்ல பாடம்!