பதினைந்து ஆண்டுப் பழைய கடனைக் கேட்டு அழைப்பு வருகிறதா? 50 வெள்ளி கட்டும் முன் தேதியைப் பாருங்கள்

கைப்பேசியில் தெரியாத எண். எடுத்தால், மறுமுனையில் இருப்பவர் உங்கள் முழுப்பெயரையும் ஐ.சி. எண்ணையும் பிசகாமல் சொல்கிறார். 2009-இல் ஒரு வங்கியின் கிரெடிட் கார்டில் 3,200 வெள்ளி பாக்கி வைத்தீர்களாம். வட்டியும் தாமதக் கட்டணமும் சேர்ந்து இப்போது 14,000 வெள்ளியைத் தாண்டிவிட்டதாம். "நாளைக்குள்ள கட்டலேன்னா கோர்ட்டு, அப்புறம் திவால்" என்கிறார். நீங்கள் தயங்கியதும் குரல் இளகுகிறது. "சரிக்கா, முழுசா வேணாம். நல்லெண்ணத்துக்கு இன்னிக்கு ஒரு 50 வெள்ளி மட்டும் போடுங்க. ஃபைலை நான் நிறுத்தி வைக்கிறேன்."

அந்த மிரட்டலைவிட இந்த 50 வெள்ளியில்தான் ஆபத்து அதிகம். ஏன் என்பதற்கு நம் நாட்டின் இரண்டு பழைய சட்டங்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஆறு ஆண்டுக் கணக்கு

தீபகற்ப மலேசியாவில் நடப்பில் இருக்கும் 1953-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தின் அடிப்படையிலான கடனுக்கு வழக்குத் தொடர 6 ஆண்டுகள்தான் அவகாசம். கிரெடிட் கார்டு, தனிநபர் கடன், தொலைபேசிக் கட்டணம், இழுத்துச் செல்லப்பட்ட காரை ஏலம் விட்ட பிறகு நிற்கும் மிச்சத் தொகை ஆகியவை பொதுவாக இந்த வகையில் சேரும். வீடு, நிலத்தை ஈடாக வைத்து வாங்கிய கடனுக்கு 12 ஆண்டுகள். சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. அங்குள்ளவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆறு ஆண்டு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? இதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். கார்டு வாங்கிய நாளிலிருந்து அல்ல. கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டு, வழக்குப் போடும் உரிமை கடன் கொடுத்தவருக்குப் பிறந்த நாளிலிருந்து. சில ஒப்பந்தங்களில், முழுத் தொகையையும் கட்டச் சொல்லி வங்கி எழுத்துபூர்வமாகக் கேட்ட நாள் அந்தத் தொடக்க நாளாக இருக்கலாம். ஆகவே "கடைசியாகக் கட்டியது 2010, கணக்கு முடிந்தது" என்று நாமாகத் தீர்ப்பு எழுதிக்கொள்ள முடியாது. ஒப்பந்தத்தையும் கணக்கு அறிக்கையையும் வைத்துத்தான் சொல்ல முடியும்.

காலவரம்பு கடந்துவிட்டால் கடன் மாயமாகிவிடுமா? இல்லை. கடன் கடனாகவே இருக்கிறது. அதை நீதிமன்றத்தின் மூலம் வசூலிக்கும் வழிதான் அடைபடுகிறது. கட்டச் சொல்லிக் கேட்பதற்கு அவருக்குத் தடையில்லை. கட்டாவிட்டால் வழக்குப் போட்டு வெல்வேன் என்று மிரட்டுவதற்குத்தான் அவர் கையில் சரக்கு இல்லை.

இப்போது அந்த 50 வெள்ளிக்கு வருவோம். அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவு, கடன் பட்டவர் அந்தக் கடனை ஒப்புக்கொண்டாலோ அதில் ஏதேனும் ஒரு தொகையைக் கட்டினாலோ, வழக்குரிமை அன்றுதான் பிறந்ததாகக் கருதப்படும் என்கிறது. அதாவது கடிகாரம் மீண்டும் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும். 2009-ஆம் ஆண்டுக் கடன் நேற்று வாங்கிய கடன் மாதிரி ஆகிவிடும். 50 வெள்ளி என்ன, 10 வெள்ளியும் அதற்குப் போதும். உங்கள் சார்பில் மகனோ மகளோ கட்டினாலும் அதே வாதத்தை முன்வைக்க இடம் இருக்கிறது.

ஒப்புதல் என்பது எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும் என்கிறது 27-ஆவது பிரிவு. தொலைபேசியில் வாய்தவறி "ஆமா, வாங்கினேன்தான்" என்று சொன்னதால் மட்டும் எல்லாம் போய்விடாது. ஆனால் அதற்காக வாட்ஸ்அப்பில் "அடுத்த மாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்றேன் பிரதர்" என்று எழுதி வைக்காதீர்கள். அதுவும் எழுத்துதான் என்று வாதாடுவார்கள். தவணைத் திட்டம் என்ற பெயரில் நீட்டப்படும் தாளுக்கும் இது பொருந்தும். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, காலவரம்பு கடந்த கடனைக் கட்டுவதாக எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் வாக்குறுதியைச் செல்லுபடியாகும் ஒப்பந்தமாகவே ஏற்கிறது. செத்த கடனுக்கு நம் கையாலேயே உயிர் கொடுக்கிறோம்.

கேட்பவர் யார்?

பழைய கடனைக் கேட்டு வருபவர்களில் மூன்று வகை. வங்கியோ தொலைபேசி நிறுவனமோ கூலிக்கு அமர்த்திய வசூல் நிறுவனம் ஒன்று. வங்கியிடமிருந்து கடனையே விலைக்கு வாங்கிக்கொண்ட நிறுவனம் இரண்டு. எங்கிருந்தோ கசிந்த உங்கள் விவரங்களை வைத்துக்கொண்டு பேசும் மோசடிக்காரர் மூன்று. தொலைபேசியில் மூவரின் குரலும் ஒன்று போலவே இருக்கும்.

வங்கிகள் திரும்ப வராது என்று கைவிடும் கடனைத் தமிழில் வாராக்கடன் என்கிறோம். அதை அசலைவிடக் குறைந்த விலைக்கு மொத்தமாக வாங்கி, வந்த வரைக்கும் லாபம் என்று நடத்தும் தொழில் ஒன்று இருக்கிறது. சட்டப்படியான தொழில்தான். ஆனால் வாங்கியவர் சில கடமைகளை நிறைவேற்ற வேண்டும். 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி, கடன் எழுத்து மூலம் முழுமையாக மாற்றித் தரப்பட்டிருக்க வேண்டும். மாற்றப்பட்டதை எழுத்துபூர்வமாகக் கடனாளிக்குத் தெரிவித்திருக்கவும் வேண்டும். கூலிக்கு வசூலிப்பவர் என்றால், வங்கி கொடுத்த அதிகாரக் கடிதம் அவரிடம் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றும் இல்லாதவரோடு பேச்சை வளர்க்க வேண்டியதில்லை.

எனவே முதல் அழைப்பிலேயே பதில் ஒன்றுதான்: "எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்க." பேசுபவரின் பெயர், நிறுவனத்தின் பெயர், எஸ்.எஸ்.எம். பதிவு எண், யாருக்காக வசூலிக்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஐ.சி. எண், முகவரி, வேலையிடம் ஆகியவற்றை நீங்களாக உறுதிப்படுத்தாதீர்கள். பிறகு கடிதத்திலோ மின்னஞ்சலிலோ நான்கு ஆவணங்களைக் கேளுங்கள்: மூல ஒப்பந்தத்தின் நகல், கணக்கு அறிக்கை, கடைசியாகப் பணம் கட்டப்பட்ட தேதிக்கான சான்று, கடன் கைமாறியதற்கான கடிதம் அல்லது அதிகாரக் கடிதம். அந்தக் கடிதத்தின் தலைப்பிலேயே, இந்தக் கடனை நான் ஒப்புக்கொள்ளவில்லை, விவரம் மட்டுமே கேட்கிறேன் என்று தெளிவாக எழுதிவிடுங்கள். மலாயில் எழுதுவதானால் 'தன்பா பெங்காக்குவான் லியாபிலிட்டி' என்ற சொற்றொடர் அந்த வேலையைச் செய்யும். கடிதம் அனுப்பியதற்கான அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அவர் சொல்லும் எண்ணுக்கு அழைக்காமல், வங்கியின் சொந்த எண்ணுக்கு நீங்களே அழைத்து, இப்படி ஒரு கணக்கு இருந்ததா, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்பது நல்லது. பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையை இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம். ஆனால் அதில் பெயர் இல்லை என்பதாலேயே கடன் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. அது முதன்மையாக இப்போது உயிரோடு இருக்கும் கடன்களைக் காட்டும் அறிக்கை. பணம் கேட்கும் கணக்கு தனிநபர் பெயரில் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தக் கணக்கு எண்ணைப் போலீசின் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்தில் தட்டிப் பார்க்கலாம். பணம் போய்விட்டது, மோசடி என்று தெரிகிறது என்றால் உடனே 997.

மிரட்டலில் எது உண்மை?

நம்மவர்களிடம் மிரட்டல் எடுபடுவதற்குச் சட்டம் தெரியாதது பாதிக் காரணம். மீதிப் பாதி, தாமானில் நான்கு பேருக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சம். வசூலிக்க வருபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் வேலையிடத்துக்கு அழைக்கிறார்கள், அண்ணியிடம் சொல்லிவிடுவேன் என்கிறார்கள்.

"போலீஸ் வரும்" என்பது பொய். கடன் கட்டாதது சிவில் விவகாரம்; அதற்காகப் போலீஸ் வந்து கைது செய்யாது. நீதிமன்றம் அழைத்தும் போகாமல் இருப்பது வேறு கதை. "வீட்டுச் சாமானைத் தூக்குவோம்" என்பதும் அப்படியே. தீர்ப்பு வாங்கி, பறிமுதல் உத்தரவும் வாங்கி, நீதிமன்றப் பணியாளர் வந்துதான் அதைச் செய்ய முடியும். வசூல் நிறுவனத்தின் ஆட்கள் உங்கள் அனுமதி இல்லாமல் வாசற்கதவைத் தாண்டக் கூடாது.

"திவால் ஆக்கிவிடுவோம்" என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவரைத் திவாலாக்கக் கோருவதற்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சக் கடன் இப்போது 100,000 வெள்ளி. அதற்கும் முதலில் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். 14,000 வெள்ளிக் கடனுக்கு அந்தப் பேச்சே எழாது. பெயர் ஏற்கெனவே அந்தப் பட்டியலில் இருக்கிறதோ என்று பயமாக இருந்தால் மலேசிய திவால் துறையிடம் தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

வழக்கறிஞர் நிறுவனத்தின் தலைப்புத்தாளில் வரும் கோரிக்கைக் கடிதமும் நீதிமன்ற ஆவணம் அல்ல. அது வெறும் கடிதம். அந்த வழக்கறிஞர் உண்மையில் இருக்கிறாரா என்று வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம்.

சம்மன் வந்தால் ஒளியக் கூடாது

மேலே சொன்னதையெல்லாம் படித்துவிட்டு, "அப்போ எதையும் கண்டுக்க வேணாம்" என்று இருந்துவிடுபவர்களுக்குத்தான் பெரிய அடி விழுகிறது. காலவரம்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, காலம் கடந்துவிட்டது என்பதைப் பிரதிவாதி தன் எதிர்வாதத்தில் குறிப்பிட்டுச் சொன்னால்தான் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும் என்கிறது. நீதிபதி தானாக நாட்காட்டியைப் பார்த்து வழக்கைத் தள்ளிவிட மாட்டார்.

ஆக, இருபது ஆண்டுப் பழைய கடனுக்கு ஒருவர் துணிந்து வழக்குப் போடுகிறார், சம்மன் வருகிறது, நீங்கள் அதை அலமாரியில் செருகி வைக்கிறீர்கள் என்றால், நீங்கள் வராமலேயே உங்களுக்கு எதிராகத் தீர்ப்பாகிவிடும். தீர்ப்புக்கு ஆயுள் 12 ஆண்டுகள். அதன் பிறகு பழைய கடன், புதிய கடன் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆறு ஆண்டுகளுக்கு மேலான தீர்ப்பை நிறைவேற்ற நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டும் என்பது மட்டுமே மிஞ்சும் ஆறுதல்.

நீதிமன்ற முத்திரையும் வழக்கு எண்ணும் உள்ள சம்மன் கைக்கு வந்தால், வந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். முன்னிலையாவதைத் தெரிவிக்க வழக்கமாக 14 நாள்தான். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட சிறு கோரிக்கை வழக்கில் வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பதில் தாக்கல் செய்யலாம். பெரிய தொகை என்றால், சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அந்த வாரமே நாடுங்கள். உங்களுக்குத் தெரியாமலேயே தீர்ப்பாகிவிட்டது என்று இப்போதுதான் தெரிய வருகிறதா? தீர்ப்பு கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்ய விண்ணப்பிக்க வேண்டும். "ஏற்கெனவே தீர்ப்பு இருக்கு" என்று சொல்பவரிடம் நீதிமன்றத்தின் பெயரையும் வழக்கு எண்ணையும் கேட்டு வாங்கி, அந்த நீதிமன்றத்தின் பதிவகத்தில் சரிபாருங்கள்.

தொல்லை எல்லை மீறினால், அழைப்புகளின் நேரம், பேசியது, குறுஞ்செய்திகளின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். காயப்படுத்துவேன், மானத்தை வாங்குவேன் என்ற மிரட்டல் குற்றவியல் சட்டத்தின் 503, 506-ஆவது பிரிவுகளுக்குள் வரலாம். போலீசில் புகார் செய்யுங்கள். வங்கி அனுப்பிய ஆள் என்றால் வங்கிக்கும், பிறகு பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணுக்கும் புகாரைக் கொண்டுபோகலாம். 2025-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பயனீட்டாளர் கடன் சட்டம், கடன் வசூல் நிறுவனங்களையும் வாராக்கடன் வாங்கும் நிறுவனங்களையும் கட்டம் கட்டமாக உரிமக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகிறது. இத்தனை காலம் அது இல்லாமல் இருந்ததுதான் ஆச்சரியம். உரிமம் இல்லாத வட்டிக்காரர், அதாவது ஆலோங், கொடுத்த கடன் வேறு ரகம். 1951-ஆம் ஆண்டு வட்டிக்கடைக்காரர் சட்டத்தின்படி அந்த ஒப்பந்தமே நீதிமன்றத்தில் செல்லாது. கதவில் சாயம் ஊற்றும் வரை காத்திருக்காமல் போலீசுக்குப் போங்கள்.

அப்பா வைத்துவிட்டுப் போன கடன்

இறந்தவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் அழைப்புகள் தனி ரகம். "உங்கப்பா கடன், மகன் நீங்கதானே கட்டணும்" என்று கருமக்கிரியை முடிந்த வீட்டுக்கும் அழைப்பு வரும். அப்பாவின் கடனுக்கு அப்பா விட்டுச் சென்ற சொத்துதான் பொறுப்பு. பிள்ளை ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலோ கூட்டாகக் கடன் வாங்கியிருந்தாலோ தவிர, பிள்ளையின் சம்பளத்துக்கும் சேமிப்புக்கும் அதில் சம்பந்தமில்லை. சொத்தைப் பிரிக்கும் முன் அந்தக் கோரிக்கையைப் பார்த்தாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதற்கும் அதே ஆவணங்களைக் கேட்க வேண்டும், அதே தேதிக் கணக்கைப் பார்க்க வேண்டும். அப்பாவின் ஆத்மா சாந்தியடைய என்று சொல்லி 50 வெள்ளி கேட்டாலும் தேதியைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

எல்லாம் சரிபார்த்த பிறகு, கடன் உங்களுடையதுதான், காலவரம்பும் கடக்கவில்லை என்று தெரிந்தால் தொகையைப் பேசித் தீர்ப்பதே வழி. கடனை விலைக்கு வாங்கியவர் பெரும்பாலும் பேரம் பேச இடம் வைத்திருப்பார். முழு வட்டியையும் கட்டித்தான் ஆக வேண்டும் என்று நாமே முடிவு கட்டத் தேவையில்லை. ஒப்புக்கொண்ட தொகை, அதைக் கட்டினால் கணக்கு முழுமையாக முடிந்தது என்ற வாசகம் ஆகிய இரண்டும் எழுத்தில் கைக்கு வந்த பிறகே பணம். வங்கிக் கடன்கள் பல சேர்ந்து மூச்சு முட்டினால் பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. இலவசமாக உட்கார்ந்து பேசி, தவணைத் திட்டம் போட்டுத் தரும். எண் 03-2616 7766. போகும்போது சம்பளச் சீட்டையும், வந்த எல்லாக் கடிதங்களையும், பிரிக்காமல் வைத்திருப்பவற்றையும் சேர்த்து, எடுத்துச் செல்லுங்கள்.